நடுராத்திரி பன்னிரண்டரைக்கு ஏது சூரியன்?

போன இதழில், சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன், அதுவும் இடம் மிச்சம் இருந்ததால். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸப் செய்திகளையும் பார்த்தால், சேலத்துக்காரர்களுக்கு சூரியன் மேல் இருக்கிற கோபம் ஏப்ரல் வெயிலோடு முடியவில்லை என்று தெரிகிறது. ஆகவே இந்த முறை முழுக்க சூரியனும் எக்ஸ் கதிரும்தான். கேஸ் சிலிண்டர், மூட்டுவலி, வீட்டுப் பத்திரம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் தெரு குரூப்பில் "இன்று இரவு 12.30 மணியிலிருந்து 3.30 வரை சூரியனிலிருந்து எக்ஸ் கதிர் தாக்கும், செல்போனை அணைத்து உடம்புக்குத் தூரமாக வையுங்கள்" என்று வந்தது. வீட்டிலிருந்த மூன்று போனையும் அணைத்துப் பரணில் வைத்துவிட்டோம். செய்தது சரிதானே சார்?
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை

ப: மூன்று போனும் பரணில் இருந்தால் எல்லோரும் நேரத்தோடு தூங்கியிருப்பீர்கள், அந்த வகையில் சரிதான். மற்றபடி ஒன்றே ஒன்று யோசித்துப் பாருங்கள். இரவு பன்னிரண்டரைக்கு நமக்கு ஏது சூரியன்? அந்த நேரத்தில் அது மெக்சிகோ பக்கம் உச்சியில் இருக்கும். எக்ஸ் கதிர் வெளிச்சத்தைப் போலவே நேர்கோட்டில் வருகிற சமாச்சாரம், பூமியைச் சுற்றி வளைந்து வந்து செவ்வாய்ப்பேட்டையில் கதவைத் தட்டாது. சூரியனில் வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் பகலாக இருக்கிற பாதிக்கு மட்டும்தான் வரும்.

இன்னொன்று, மணி நேரம் குறித்து யாராலும் சொல்ல முடியாது. சூரியனிலிருந்து வெளிச்சம் வர சுமார் 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது, எக்ஸ் கதிருக்கும் அதே வேகம்தான். அதைவிட வேகமாக வந்து முன்கூட்டிச் சொல்ல எந்தத் தூதுவனும் இல்லை. "வெடித்தது" என்று தெரியும்போது கதிர் வந்து சேர்ந்துவிட்டிருக்கும். சூரியன் மேல் தெரிகிற கரும்புள்ளிகள் எவ்வளவு சிக்கலாக இருக்கின்றன என்று பார்த்து, இன்றைக்குப் பெரிய வெடிப்புக்கு இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று மழை மாதிரி சொல்வார்களே தவிர, 12.30 முதல் 3.30 வரை என்று ராகுகாலம் போலக் குறிக்க வழியில்லை. அந்த ஃபார்வர்டு பல வருடங்களாகச் சுற்றுகிறது. ஒரு காலத்தில் அது செவ்வாய் கிரகத்துக் கதிராக இருந்தது, இப்போது சூரியனுக்கு மாறிவிட்டது போலிருக்கிறது.

கே: நாங்கள் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மருமகள் ஆறு மாதம். மேலே போகப் போகக் கதிர் ஜாஸ்தி என்கிறார்கள், அதிலும் சேர்வராயன் கோயில் வரை போகக் கூடாது என்கிறார்கள். சூரிய வெடிப்பு அடங்கும் வரை அவளைச் சேலத்துக்கு அனுப்பிவிடலாமா அய்யா?
— வாசகி, ஏற்காடு

ப: அம்மா, அவரை ஏற்காட்டுக் குளிரிலேயே நிம்மதியாக இருக்க விடுங்கள். மே மாதச் சேலத்துக்கு இறக்கிவிட்டால்தான் பாவம்.

உங்கள் பயத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே போனால் தலைக்கு மேல் இருக்கிற காற்று குறையும் என்பது உண்மை. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தின் மேல் சுமார் பத்து டன் காற்று உட்கார்ந்திருக்கிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டரில் இருக்கிற ஏற்காட்டுக்கு வந்தால், அதில் ஏழில் ஒரு பங்கு கீழே போய்விடும். சேர்வராயன் கோயில் இன்னும் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஆனால் சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர் எந்த உயரத்தில் நிற்கிறது தெரியுமா? தரையிலிருந்து 70, 80, 100 கிலோமீட்டருக்கு மேலேயே. 80 கிலோமீட்டர் உயரத்தில் காற்று லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், நாம் அதை வெற்றிடம் என்றே சொல்லிவிடுவோம். அந்தக் காற்றே அதற்குப் போதும். சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் தடையில்லாமல் வந்த கதிர் அங்கேயே காற்று அணுக்களில் மோதி, எலெக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே இருக்கிற பாக்கி எண்பது கிலோமீட்டரில் நீங்கள் சேலத்தில் நின்றால் என்ன, ஒன்றரை கிலோமீட்டர் மேலே லேடீஸ் சீட்டில் நின்றால் என்ன, அந்தக் கதிருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டு இடத்துக்கும் அது வருவதே இல்லை. இமயமலைக்கும் இதே பதில்தான்.

மலையில் உண்மையாகவே கூடுவது புற ஊதாக் கதிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்து சதவீதம் கூடும். குளிர் காற்று அடிக்கிறதே என்று நண்பகல் வெயிலில் படகுத்துறையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து முகம் கறுத்துப்போனது என்பவர்களுக்கு அதுதான் காரணம், அதற்கு வெடிப்பே தேவையில்லை. மருமகளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் மட்டும் கர்ப்பம் என்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். அந்த எக்ஸ் கதிர் இரண்டு மூன்று அடி தூரத்திலிருந்து வருகிறது, நடுவில் எண்பது கிலோமீட்டர் காற்று கிடையாது.

கே: ஏற்காடு மலைப்பாதையில் பன்னிரண்டாவது வளைவில் போன் சிக்னல் போய்விட்டது. சூரியப் புயல்தானே?
— வாசகர், கோரிமேடு

ப: இல்லை, பன்னிரண்டாவது வளைவு.

கே: செய்தியில் "எக்ஸ்-9 வெடிப்பு", "எம்-5 வெடிப்பு" என்கிறார்கள். எக்ஸ் கதிர் என்பதால்தான் எக்ஸ் என்றால், எம் எந்தக் கதிர்? இந்த எண்ணைக் கண்டு எவ்வளவு பயப்பட வேண்டும்?
— வாசகர், வெள்ளி கொலுசுப் பட்டறை, சேலம்

ப: நல்ல குழப்பம், எல்லோருக்கும் வருவதுதான். எல்லா வகுப்பும் எக்ஸ் கதிரை வைத்துத்தான் அளக்கப்படுகிறது, எழுத்துகள் வெறும் படிக்கட்டு. ஏ, பி, சி, எம், எக்ஸ். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. எக்ஸுக்கு மேல் எழுத்து இல்லாததால் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும், எக்ஸ்-10, எக்ஸ்-20 என்று. அளப்பது அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள். வானிலைப் படம் எடுப்பதற்காக 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறவை, கூடவே ஒரு சின்னக் கருவியால் சூரியனையும் 1975-லிருந்து விடாமல் பார்த்துவருகின்றன. மார்ச், செப்டம்பர் வாக்கில் மட்டும் தினமும் கொஞ்ச நேரம், அதிகபட்சம் எழுபது நிமிடம் போல, பூமியின் நிழலுக்குள் போய்விடும். அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்-1 என்றால் எவ்வளவு? ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதே ஒரு சதுர மீட்டருக்கு, காற்று மண்டலத்துக்கு வெளியே, சூரியனிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கிற மொத்த வெளிச்சமும் வெப்பமும் சேர்த்து 1,361 வாட். ஆக எக்ஸ்-1 வெடிப்பு சூரியனின் சாதாரண நாள் சக்தியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எக்ஸ் கதிர் தருகிறது. பிறகு எதற்கு இவ்வளவு கவலை என்றால், அமைதியான நாட்களில் இந்தக் குறிப்பிட்ட அலைநீளத்தில் சூரியன் கிட்டத்தட்ட இருட்டு. வெடிப்பு வந்தால் சில நிமிடங்களுக்குள் அந்த இருட்டு நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் எகிறிவிடுகிறது.

நீங்கள் கொலுசுப் பட்டறை வைத்திருப்பதால் உங்களுக்குச் சட்டென்று புரிகிற ஒரு விஷயம் சொல்கிறேன். தராசில் எடைக்கல்லை மாற்றினால் பழைய கணக்கு என்னாகும்? இங்கேயும் அதுதான் நடந்தது. பழைய கோஸ் செயற்கைக்கோள்களின் அளவை, அதற்கும் முந்தையவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்று 0.7-ஆல் பெருக்கி வெளியிட்டுவந்தார்கள். 2016-ல் ஏவிய கோஸ்-16 முதல் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் புதிய அளவே சரியான அளவு. விளைவு என்னவென்றால், 2017 செப்டம்பர் 6-ல் வந்த வெடிப்பைப் பழைய கல்லில் நிறுத்து எக்ஸ்-9.3 என்றார்கள், 2024 அக்டோபர் 3-ல் வந்ததைப் புதுக் கல்லில் நிறுத்து எக்ஸ்-9.0 என்றார்கள். செய்தியில் படிக்கிறவர் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று நினைப்பார். சமமே இல்லை, 2017-ல் வந்தது புதுக் கல்லில் எக்ஸ்-13.3. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு!

தராசே உடைந்த கதையும் உண்டு. 2003 நவம்பர் 4-ல் வந்த வெடிப்பில் கோஸ் கருவி தன் உச்ச அளவைத் தொட்டு, சுமார் 11 நிமிடம் அதற்கு மேல் காட்ட முடியாமல் அப்படியே நின்றது. கோடு ஏறிய விதத்தையும் இறங்கிய விதத்தையும் வைத்து, நடுவில் இல்லாததை ஊகித்து எக்ஸ்-28 என்று பதிவு செய்தார்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். செயற்கைக்கோள் திணறினாலும் காற்று மண்டலம் திணறவில்லையே, அதில் ஏற்பட்ட மாற்றத்தை ரேடியோ அலையால் அளந்து எக்ஸ்-45 என்றார்கள். அந்த ரேடியோ வித்தை கடைசிக் கேள்வியில் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். அந்த எண் உச்சத்தை மட்டும் சொல்கிறது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்வதில்லை. ஐந்து நிமிடத்தில் ஏறி இறங்கிய எக்ஸ்-1-ஐ விட மூன்று மணி நேரம் நீடித்த எம்-5 மொத்தத்தில் அதிகம் கொட்டியிருக்கலாம். அதனால் என்னைக் கேட்டால் எண்ணைப் பார்க்காதீர்கள், கதிர் ஏறி இறங்குவதைக் காட்டுகிற வரைபடக் கோட்டைப் பாருங்கள்.

கே: அந்தக் கோட்டில் என்ன பார்ப்பது? செயற்கைக்கோளில் கேமராவா இருக்கிறது? கொஞ்சம் விளக்கமாக.
— கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

ப: கோஸ் வகுப்பு குறிக்கிற கருவியில் கேமரா இல்லை. பழைய செயற்கைக்கோள்களில் வாயு அடைத்த ஒரு டப்பா இருந்தது, எக்ஸ் கதிர் உள்ளே போனால் வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான் கழன்று சிறிய மின்னோட்டம் வரும், அதை அளப்பார்கள். இப்போது சிலிக்கான் டயோடு. இரண்டு ஜன்னல் இருக்கும், ஒன்று 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்கு (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), இன்னொன்று 0.5 முதல் 4. இரண்டில் வருவதையும் வகுத்துப் பார்த்தால், அந்தக் கதிரை வீசும் வாயு எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுவிடலாம். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி, வெடிப்பில் சூடாகிற வாயு ஒரு கோடி, இரண்டு கோடி டிகிரி. பக்கத்தில் போகாமலே 15 கோடி கிலோமீட்டரிலிருந்து எடுத்த ஜுரக் கணக்கு இது.

இது மென் எக்ஸ் கதிர். வன் எக்ஸ் கதிர் என்று சக்தி கூடிய இன்னொரு ஜாதி உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. சூரியனின் காந்தக் கோடுகள் முறுக்கேறி, அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது எலெக்ட்ரான்கள் கண்மண் தெரியாத வேகத்தில் கீழே பாய்ந்து, அடர்த்தியான அடுக்கில் மோதி நிற்கின்றன. அப்படித் திடீரென்று பிரேக் விழும்போது வெளிவருவதுதான் வன் எக்ஸ் கதிர். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாயில் எலெக்ட்ரான் உலோகத் தகட்டில் மோதுவதும் இதே கதைதான், சூரியனில் தகடு கொஞ்சம் பெரிது.

இப்போது இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வன் எக்ஸ் கதிர் குத்துக் குத்தாக, முள் முள்ளாக வரும், சீக்கிரம் நின்றுவிடும். மென் எக்ஸ் கதிர் நிதானமாக ஏறி, உச்சம் தொட்டு, அதைவிட நிதானமாக இறங்கும். ரெண்டுக்கும் என்ன உறவு? நம் தெருவில் தண்ணீர் வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒரு நேரம் பீறிடும், ஒரு நேரம் சொட்டும், மறுபடி பீறிடும். தொட்டியின் மட்டம் அப்படிக் குதிக்காது, விழுந்ததெல்லாம் சேர்ந்து சேர்ந்து ஏறும். குழாய் நின்ற நேரத்தில்தான் மட்டம் உச்சத்தில் இருக்கும். பிறகு அடியில் கசிவு இருந்தால் மெதுவாக இறங்கும். வன் எக்ஸ் கதிர் குழாயின் வேகம், மென் எக்ஸ் கதிர் தொட்டியின் மட்டம், கசிவு என்பது வாயு ஆறிப்போவது. 1968-ல் வெர்னர் நியூபெர்ட் என்பவர் இந்த உறவைக் கண்டு சொன்னார், அவர் பெயரிலேயே நியூபெர்ட் விளைவு என்கிறார்கள். எல்லா வெடிப்பும் இதற்குக் கட்டுப்படுவதில்லை, கட்டுப்படாதவைதான் ஆய்வாளர்களுக்குத் தீனி. பாய்ந்த எலெக்ட்ரான்களால் மட்டும் வாயு சூடாகவில்லை, வேறு வழியிலும் சூடு வந்திருக்கிறது என்று அப்போது தெரிகிறது.

நம் ஆதித்யா-எல்1-ல் இரண்டுக்கும் தனித்தனிக் கருவி இருக்கிறது, மென்மையானதுக்கு சோலெக்ஸ், வன்மையானதுக்கு ஹீலியோஸ். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற எல்1 என்ற இடத்துக்கு 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்வதற்கு முன்பே, பாதி வழியில், அக்டோபர் 29-ல் ஹீலியோஸ் ஒரு வெடிப்பின் அந்த முள் முள்ளான ஆரம்பக் கட்டத்தைப் பிடித்துவிட்டது. எல்1-ல் நிற்பதில் என்ன லாபம் என்றால் அங்கே பூமியின் நிழல் விழுவதில்லை, நாள் முழுக்க, வருடம் முழுக்க சூரியன்தான். திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதை நம் ஊர்ப் பெருமைக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.

கே: 1989, 90-ல் அப்பாவின் ரேடியோவில் ராத்திரி பிபிசி தமிழோசை கேட்கும்போது சத்தம் திடீரென்று அமுங்கிப் போகும், அப்பா ரேடியோவைத் தட்டுவார். அப்போது சூரியன் உக்கிரமாக இருந்த காலமாமே. இதுதான் காரணமா?
— வாசகர், ஆத்தூர்

ப: எங்கள் வீட்டிலும் தட்டினோம், ஒரு முறை குமிழே கையோடு வந்துவிட்டது. ஆனால் ராத்திரி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எக்ஸ் கதிர் பகல் திருடன். சிற்றலை வானொலி உயரத்தில் இருக்கிற அயனி மண்டலத்தில், அதாவது மின்னேறிய மேல்காற்றில், பட்டுத் திரும்பி வருவது. அதன் அடியில் 60 முதல் 90 கிலோமீட்டரில் டி அடுக்கு என்று ஒன்று பகலில் மட்டும் இருக்கும். வெடிப்பின் எக்ஸ் கதிர் இந்த அடுக்கைத் தடிமனாக்கிவிடும், அலை மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அது விழுங்கிவிடும். எக்ஸ்-1 வந்தாலே, வெயில் படுகிற பாதியில், கடல் மேல் பறக்கிற விமானங்களும் கப்பல்களும் சிற்றலையில் பேச முடியாமல் ஒரு மணி நேரம் போல தவிப்பது உண்டு. இரவில் அந்த அடுக்கு கலைந்துவிடும். அப்பாவின் தமிழோசை அமுங்கியது அலை வருகிற பாதை சாதாரணமாகவே ஏறி இறங்குவதால். எக்ஸ் கதிர் மேல் பழி போட முடியாது.

1989 என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனது. அதுவும் எக்ஸ் கதிரால் அல்ல. சூரியன் வீசிய காந்த வாயுக் கூட்டம் ஒன்றிரண்டு நாள் பயணம் செய்து வந்து செய்த வேலை அது. கதிர் வருவது எட்டு நிமிடத்தில், கூட்டம் வருவது நிதானமாக. கதிர் வந்தால் கூட்டமும் வரும் என்று கட்டாயமில்லை. 2024 மே மாதத்தில் இரண்டும் வந்தன, லடாக்கின் ஹான்லே வரை வானம் சிவந்தது.

கே: செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இதெல்லாம் யாருக்காவது தெரிந்திருக்குமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அயோத்தியாப்பட்டணம்

ப: ஆளுக்குத் தெரியவில்லை, காந்த ஊசிக்குத் தெரிந்தது சார். 1859 செப்டம்பர் 1-ல் லண்டன் பக்கத்தில் வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் சூரியப் புள்ளியை வரைந்துகொண்டிருந்தபோது அதில் இரண்டு வெள்ளைப் பொறிகள் பளிச்சிட்டு ஐந்தே நிமிடத்தில் மறைந்தன. அதே நேரத்தில் கியூ ஆய்வகத்தின் காந்த ஊசி லேசாகத் துள்ளியதும் பதிவாகியிருந்தது. ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-ல்! அதற்கு 36 வருடம் முன்பே, வெடிப்பின் எக்ஸ் கதிரும் புற ஊதாவும் மேல்காற்றை மின்னேற்றி, அங்கே ஓடிய மின்னோட்டம் ஊசியைத் தள்ளியிருக்கிறது. பெரிய காந்தப் புயல் வந்தது அதற்குப் பதினேழரை மணி நேரம் கழித்து. பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் கருவிகளும் அதைப் பதிவு செய்தன.

அப்புறம் நேரடியாகப் பார்க்க காற்றுக்கு மேலே போக வேண்டியிருந்தது. 1949-ல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஃபிரீட்மன் குழு, ஜெர்மானியர்களிடமிருந்து பிடித்த வி-2 ராக்கெட்டில் கருவியை வைத்து அனுப்பி, சூரியன் எக்ஸ் கதிர் வீசுவதை உறுதி செய்தது. சில நிமிடம் மேலே, உடனே கீழே. 1958 மார்ச் 20-ல் விண்வெளியிலிருந்து வருகிற காஸ்மிக் கதிரைப் பார்க்கக் கியூபாவிலிருந்து பலூன் விட்டவர்களுக்கு, தேடாமலே ஒரு வெடிப்பின் வன் எக்ஸ் கதிர் மாட்டியது. 1960-ல் அமெரிக்காவின் சோல்ராட்-1 போன பிறகுதான் செயற்கைக்கோள் கணக்கு ஆரம்பம். இந்தியாவிலிருந்து 2003-ல் ஜிசாட்-2 செயற்கைக்கோளில் சாக்ஸ் என்ற கருவி போனது, ஆதித்யாவுக்கு இருபது வருடம் மூத்த அண்ணன், அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கே: நான் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். எங்கள் மாக்னசைட்டை லேபில் எக்ஸ் கதிர் காட்டித்தான் சோதிப்பார்கள். சந்திரயான்-2-லும் அப்படி ஒரு கருவி என்று கேள்விப்பட்டேன். நிலாவுக்கு எக்ஸ்ரே மெஷின் கொண்டுபோனார்களா?
— வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்

ப: மெஷின் கொண்டுபோகவில்லை, சூரியனையே மெஷினாக வைத்துக்கொண்டார்கள். உங்கள் லேபில் கல் மேல் எக்ஸ் கதிர் பட்டால் மக்னீசியம் தனக்கென்று ஒரு கதிரைத் திருப்பி வீசும், சிலிக்கான் வேறொன்று வீசும், அதை வைத்துக் கலவையைச் சொல்வார்கள். நிலாவில் காற்று இல்லையே, சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர் நேராகத் தரையில் விழுந்து இதே வேலையைச் செய்கிறது. கிளாஸ் என்ற கருவி நிலாத் தரை திருப்பி வீசுவதைப் படிக்கும், எக்ஸ்எஸ்எம் என்ற கருவி சூரியனைப் பார்த்து இப்போது விளக்கு எவ்வளவு பிரகாசம் என்று அளக்கும். பெரிய வெடிப்பு வந்தால் நாம் இங்கே ஃபார்வர்டு பார்த்துப் பதறுவோம், அந்தக் குழுவுக்கோ அன்றைக்குத்தான் நல்ல வெளிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், விளக்கை அளக்கப் போன எக்ஸ்எஸ்எம், 2019-20-ல் சூரியன் தூங்கிவழிந்த காலத்தில், ஏ வகுப்புக்கும் கீழே இருக்கிற 98 குட்டி வெடிப்புகளை, புள்ளியே இல்லாத அமைதியான பகுதிகளில் கண்டுபிடித்தது. துணைக்கு அனுப்பிய ஆள் தனியாகப் பெயர் வாங்கிக்கொண்டு வந்தான்.

கே: எக்ஸ் கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது என்றால் வெடிப்பு எந்த இடத்தில் என்று எப்படிப் படம் பிடிக்கிறார்கள்?
— பட்டு நெசவாளர், அம்மாப்பேட்டை

ப: மெல்லிய பட்டுத் துணியை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அலை அலையாக நெளியுமே, நீங்கள் தினமும் பார்ப்பது. லேசாகத் திருப்பினால் நெளிவு ஓடும். 2002 முதல் 2018 வரை வேலை செய்த ரெஸ்ஸி செயற்கைக்கோள் அந்த நெளிவை வைத்துத்தான் படம் போட்டது. ஒன்றன் பின் ஒன்றாக உலோகக் கம்பித் தட்டிகள், ஒன்பது ஜோடி, மிக மெல்லிய ஜோடியின் இடைவெளி தலைமுடியை விடச் சன்னம். செயற்கைக்கோள் முழுவதும் நான்கு விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும். சுற்றச் சுற்ற, பின்னால் இருக்கிற கருவியில் கதிர் கூடும் குறையும், அந்தக் கூடல் குறைச்சலிலிருந்து கணக்குப் போட்டு எங்கே வெடித்தது என்று படமாக்குவார்கள்.

அதற்கு முன்பே ஜப்பானின் யோகோ செயற்கைக்கோள், 1992 ஜனவரி 13-ல், சூரிய விளிம்பில் வந்த ஒரு வெடிப்பில், வளைவான வாயுக் குழாயின் இரண்டு காலிலும் வன் எக்ஸ் கதிர் வருவதோடு வளைவின் உச்சிக்கும் மேலே மூன்றாவதாக ஒரு புள்ளி இருப்பதைக் காட்டியது. காந்தக் கோடு அறுந்து ஒட்டுவது வளைவுக்கு மேலேதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு புள்ளி பெரிய சாட்சி.

கே: நான் பதினொன்றாம் வகுப்பு. செயற்கைக்கோள் இல்லாமல் வீட்டிலிருந்தே சூரிய வெடிப்பைப் பிடிக்க முடியுமா சார்?
— மாணவன், ஓமலூர்

ப: முடியும் தம்பி, அதுவும் தமிழ்நாட்டில் நல்ல வசதி இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச 18.2 கிலோஹெர்ட்ஸில் அலை வீசுகிறது. இந்த மாதிரி மிகத் தாழ்ந்த அலைகள் தரைக்கும் டி அடுக்குக்கும் நடுவில்தான் ஓடுகின்றன. வெடிப்பு வந்து அந்த அடுக்கு மாறினால் உனக்கு வருகிற அலையின் பலம் சட்டென்று மாறி, பிறகு மெதுவாகப் பழைய நிலைக்கு வரும். நியூசிலாந்துக்காரர்கள் எக்ஸ்-45 என்று சொன்னது இப்படித்தான். என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தேவையில்லை, புரியவும் புரியாது, பலம் மட்டும் போதும்.

ஒரு மீட்டர் சதுரச் சட்டம், அதில் எனாமல் பூசிய செம்புக் கம்பி சில டஜன் சுற்று, சின்னப் பெருக்கி, கம்ப்யூட்டரின் ஒலி அட்டை. விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கிற அட்டை 24 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், நமக்கு அது போதும். திருநெல்வேலி நமக்குக் கொஞ்சம் பக்கம் என்பதால் தரையோடு வருகிற அலையும் கலக்கும், ஆகவே ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் வருகிற அலையையும் சேர்த்துப் பதிவு செய். பக்கத்தில் விசைத்தறி ஓடினால் அதன் மோட்டார் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும், சட்டத்தைத் திருப்பித் திருப்பி இரைச்சல் குறைகிற திசையைக் கண்டுபிடி, முடிந்தால் மொட்டை மாடியில் வை. காலையிலும் மாலையிலும் கோடு தானாகவே வளையும், அது சூரிய உதயமும் அஸ்தமனமும், வெடிப்பு என்று நினைத்துவிடாதே.

பகலில் வழக்கத்துக்கு மாறாக ஒரு குத்தல் தெரிந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கோஸ் வரைபடத்தை இணையத்தில் திறந்து ஒப்பிட்டுப் பார், இலவசம்தான். அதில் போட்டிருப்பது உலகப் பொது நேரம், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள். இரண்டு கோடும் ஒத்துப்போனால் எனக்கு ஒரு நகல் அனுப்பு, இதே பக்கத்தில் போடுகிறேன்.